குழலி வீட்டு மொட்டை மாடி

திருவெறும்பூருக்கு அந்தப் பக்கம் பெரிய பாக்டரி வரப்போகிறது என்று முதன்முதலில் என்னிடம் சொன்னவனைப் பார்த்துச் சிரித்தவன் நான். கருவேல முள்ளும் சரளைக்கல்லுமாய்க் கிடக்கிற பொட்டலில் ஆடு மேய்க்கிறவனே நிழல் தேடி அலைவான், அங்கே போய் யார் பாய்லர் செய்யப்போகிறார்கள் என்று பாலக்கரை சைக்கிள் கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். நான் வீட்டுத் தரகன். பேர் சேதுராமன். ஊர் நிலவரம் என்னைக் கேட்டுக்கொண்டுதான் மாறும் என்று அந்தக் காலத்தில் எனக்கு ஒரு நினைப்பு.

அறுபத்து நாலாம் வருஷம் அந்த நினைப்பைத் துடைத்துப் போட்டது. நான் பல் விளக்குவதற்கு முன்பே வாசலில் ஆள் நிற்க ஆரம்பித்தார்கள். கோயமுத்தூர்க்காரர்கள், நாகர்கோவில்காரர்கள், பாலக்காட்டிலிருந்து வந்த இளவட்டங்கள். கையில் தகரப் பெட்டி, தோளில் சுருட்டின படுக்கை. குவார்ட்டர்ஸ் கட்டி முடிய இன்னும் இரண்டு வருஷம் ஆகுமாம். அதுவரை எங்கேயாவது தலை சாய்க்க வேண்டுமே. பதினைந்து ரூபாய்க்கு ஆள் கிடைக்காமல் பூட்டிக் கிடந்த வீடு நாற்பதுக்குப் போயிற்று. ஒருத்தர் மாட்டை மணப்பாறைச் சந்தையில் விற்றுவிட்டு, கொட்டகைக்கு வெள்ளையடித்து இரண்டு பிட்டர்களுக்கு விட்டார். அவர்கள் ஒரு மாதம் வைக்கோல் தூசியில் தும்மிக்கொண்டே வேலைக்குப் போனார்கள். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி வீட்டுக்காரர் ஒருத்தர் முன்பெல்லாம் எனக்குப் பத்து நிபந்தனை போடுவார். கோத்திரம் வரைக்கும் விசாரிப்பார். இப்போது "பாக்டரியிலே பெர்மனென்டா?" என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொண்டார்.

எனக்கு நல்ல காலம். அதை மறைப்பானேன். புதுச் செருப்பு வாங்கினேன். வீட்டில் சாயங்காலக் காபியும் சேர்ந்துகொண்டது. அந்தத் தெம்பில்தான் காஜா மைதீன் பாயிடம் போய் அந்த யோசனையைச் சொன்னேன்.

காஜா பாய்க்கு வரகனேரியில் ஒரு சந்தில் ஒட்டினாற்போல் இரண்டு வீடு. கிழக்கு வீட்டில் அவரும் அவர் மனைவி நஸீராவும் மகள் சுராயாவும் இருந்தார்கள். மேற்கு வீட்டில் மாத்ருபூதமும் அவர் மனைவி மட்டுவார்குழலியும் பதினோரு வருஷமாகக் குடியிருந்தார்கள். வாடகை பதினெட்டு ரூபாய். இரண்டு வீட்டுக்கும் கொல்லையில் ஒரே கிணறு, நடுச்சுவரில் ஒரு சின்னக் கதவு. பாய்க்குப் பெரிய கடைவீதியில் குடைக் கடை. மழை பெய்தால்தான் வியாபாரம். திருச்சியில் வருஷத்துக்கு எத்தனை நாள் மழை பெய்யும் என்று உங்களுக்கே தெரியும். சுராயாவுக்கு மாப்பிள்ளை பேசி முடித்து ஒன்றரை வருஷம் ஆகியும் கையில் காசு புரளாமல் நிக்காஹ் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

"பாய், அந்த வாடகை வீட்டு மாடி சும்மாத்தானே கிடக்கு. மேல ரெண்டு ரூம் எழுப்புங்க. ரூமுக்கு அம்பது குடுக்க ஆளு ரெடியா வச்சிருக்கேன்."

"கீழ இருக்கிறவங்களுக்குச் சிரமம் இல்லாம முடியுமாங்க?"

"அவங்களுக்கு என்ன சிரமம்? அவங்க பாட்டுக்குக் கீழ இருக்கப்போறாங்க. வாடகையைக்கூட நீங்க ஏத்த வேணாம்."

சும்மா கிடக்கிறது என்று சொன்னேனே, அது நான் செய்த முதல் தப்பு. அந்த மாடி வெயில் காலத்தில் ஒருநாளும் சும்மா கிடந்ததில்லை. மட்டுவார்குழலியின் பிழைப்பே அங்கேதான் காய்ந்தது.

குழலி அப்பளம் இடுகிறவள். விடியற்காலையில் பிரண்டையை இடித்துச் சாறு பிழிந்து, உளுந்து மாவில் விட்டுப் பிசைந்து, உலக்கையால் நூறு இருநூறு குத்துக் குத்துவாள். எண்ணெய் தொட்டுத் தொட்டு இழுத்து, கயிறாய் உருட்டி, நூலால் அறுத்து, ஒவ்வொன்றாய் வட்டம் இடுவாள். இட்டு முடித்தால் பாதிதான் ஆயிற்று. மீதி வெயிலின் கையில். உச்சி வெயிலில் போட்டால் அப்பளம் முறுகி விரிசல் விட்டுப் போகும். நிழலில் கிடந்தால் பூசணம். காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம், அந்த இளவெயில்தான் வேண்டும். வெள்ளை வேட்டிகளை விரித்து மாடி நிறையப் பரப்பிவிட்டு, காக்காய்க்குக் காவலாய் மூங்கில் கழியோடு உட்கார்ந்திருப்பாள். புருஷனுக்கு மண்டியில் மூட்டை எடை போடுகிற வேலை. அதில் வாடகையும் அரிசியும் ஆகும். மகள் கமலவல்லியைப் படிக்கவைத்தது, லால்குடியில் கட்டிக்கொடுத்தது எல்லாம் அப்பளம்.

காஜா பாய் என்னைப்போல் அவசரக்காரர் இல்லை. மாத்ருபூதத்தைக் கூப்பிட்டுக் கேட்கத்தான் செய்தார். மாத்ருபூதம் கைகட்டி நின்று, "தாராளமாக் கட்டுங்க பாய். அப்பளம் கொல்லையிலயே காயும்" என்றார். நஸீரா நடுக்கதவு வழியாகக் குழலியிடம் கேட்டாள். குழலியும் அதையே சொன்னாள். கொல்லையில் பாதிக்கு வேப்பமரம், மீதிக்குக் கிணற்றடி ஈரம், போதாததற்குக் கோழிகள். அங்கே துணி காய்வதே ஒரு நாள் ஆகும்.

ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. மாத்ருபூதம் முன்பு வேலை பார்த்த சுருட்டுக் கொட்டகையை மூடிவிட்டபோது, மூன்று மாதம் அந்த வீட்டில் அடுப்பு ஒருவேளைதான் எரிந்திருக்கிறது. அப்போது நஸீராதான் நடுக்கதவைத் தட்டி, ஒரு மரக்கால் உளுந்தைப் படியில் வைத்து, "நீ அப்பளம் நல்லா இடுவேன்னு சொன்னியே, இட்டுக் குடு, என் தம்பி கடையில வைக்கச் சொல்றேன்" என்றாளாம். அந்த மனுஷியிடம் போய், உன் மகள் கல்யாணத்துக்கு என் மாடி குறுக்கே நிற்கிறது என்று எப்படிச் சொல்வது?

தை மாதம் செங்கல் வந்து இறங்கியது. அதற்கு மறுநாள் மாத்ருபூதம் சைக்கிள் கடைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சேது, எனக்கு ஒரு வீடு பாரு. கீழ எப்படி இருந்தாலும் பரவாயில்ல. மேல மாடி திறந்து கிடக்கணும்."

"பாய் வீட்டுக்கு என்ன?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. பாய்கிட்ட இதைச் சொல்லிடாத."

மனுஷரை அழைத்துக்கொண்டு பதினைந்து நாள் அலைந்தேன். உறையூரில் ஒரு வீடு முப்பத்தைந்து. அரியமங்கலத்தில் மாடியே இல்லாத ஓட்டு வீடு முப்பது. பீமநகரில் ஒரு அம்மாள், "மாடி வேணும்னா அதுக்குத் தனியாப் பத்து ரூபா" என்றாள். எல்லா வாசலிலும் முதல் கேள்வி ஒன்றுதான், பாக்டரி ஆளா? இல்லை என்றதும் நமக்குத் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டார்கள். இந்த விலையெல்லாம் ஏற்றிவிட்டவர்களில் நானும் ஒருத்தன். என் புதுச் செருப்போடு அவர் பின்னால் நடக்கக் கூச்சமாக இருந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதற்கு நடுவில் கமலவல்லிக்கு வளைகாப்புப் போட்டுப் பிரசவத்துக்கு அழைத்துவந்தார்கள். கொத்தனார் அழகிரி வேலையைத் தொடங்க ரசமட்டத்தோடு வந்தவர், கை நிறைய வளையலோடு அந்தப் பெண் கிணற்றடியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். வந்த வழியே திரும்பினார்.

"புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டுல நான் கரண்டி எடுக்க மாட்டேங்க. அவ தலைக்கு மேல சுவர் எழுப்பறதா? பொண்ணு பெத்துப் பொழைச்சு எழுந்திருக்கட்டும். முப்பது நாள் கழிச்சு வந்து நானே கட்டித் தரேன்" என்றார் பாயிடம்.

உள்ளே திரைக்குப் பின்னாலிருந்து நஸீராவும், "அவரு சொல்றது சரிதாங்க. செங்கல் ஓடியா போயிடும்?" என்றாள். பாய் தலையாட்டிவிட்டார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. ரூமுக்கு அட்வான்ஸ் கொடுத்த வெல்டர்கள் இரண்டு பேர் ஜங்ஷன் பக்கம் லாட்ஜில் தங்கிக்கொண்டு தினமும் என் உயிரை வாங்கினார்கள். அந்தக் கடுப்பில் ஒருநாள் மாத்ருபூதத்தைப் பார்த்ததும், "உம்ம பொண்ணு இங்க இருக்கிறதாலதான்யா பாயோட கட்டடம் நிக்குது. அந்தப் பசங்க அட்வான்ஸைத் திருப்பிக் கேக்கறாங்க" என்று வாய்தவறிக் கொட்டிவிட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து உடனே வேறு பேச்சு எடுத்தேன். கொட்டினதை அள்ள முடியுமா?

இரண்டு நாள் கழித்துக் காலையில் அந்தச் சந்துக்குள் போனபோது மாத்ருபூதம் வீட்டு வாசலில் குதிரை வண்டி நின்றது. வண்டியில் தகரப் பெட்டியும் தலையணையும் ஏற்றியாகிவிட்டது. கமலவல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் நின்றாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. குழலி மகளின் முகத்தைப் பார்க்காமல் பாத்திரம் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றேன்.

"லால்குடிக்கு" என்றார் மாத்ருபூதம். "அங்கயே பிரசவம் பாக்கட்டும்."

தலைப்பிரசவத்துக்கு அழைத்துவந்த பெண்ணை, பிள்ளை பெறுவதற்கு முன்னால் மாமியார் வீட்டில் கொண்டுபோய் விடுவதா? அந்தப் பெண் ஆயுசு முழுக்க அங்கே கேட்கப்போகிற பேச்சை நினைத்துப்பார்த்தேன். பெற்றவர்களுக்கு ஒரு பிரசவம் பார்க்க வக்கில்லை என்று பேரன் பேத்தி எடுக்கும்வரை சொல்வார்கள். அது இவர்களுக்குத் தெரியாதா? தெரிந்துதான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் கிழக்கு வீட்டு வாசற்கதவு திறந்தது. நஸீரா தெருவில் இறங்கி நான் பார்த்ததே இல்லை. கோஷா பெண். எனக்குத் தெரிந்ததெல்லாம் திரைக்குப் பின்னால் ஒரு குரல். அன்றைக்கு வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் நடுச்சந்தில் வந்து நின்றாள்.

"குழலி, பொண்ணை எங்க அனுப்பறே?"

"லால்குடிக்குங்கக்கா. சம்பந்தி அங்கயே பாத்துக்கறேன்னு சொன்னாங்க."

"யாரும் சொல்லல பெரியம்மா" என்றாள் கமலவல்லி. அதற்கு மேல் அந்தப் பெண்ணால் அடக்க முடியவில்லை. "நான் இங்க இருக்கறதால உங்க கட்டடம் நிக்குதாம். சுராயா கல்யாணம் நிக்குதாம். அப்பாதான் கிளம்பச் சொன்னாரு."

"யாரு அப்படிச் சொன்னது?"

மாத்ருபூதம் தரையைப் பார்த்தார். குழலி பாத்திரத்தைப் பார்த்தாள். குதிரை ஒன்றுதான் என்னைப் பார்த்தது. "நான்தாம்மா வாய்தவறிச் சொல்லிட்டேன்" என்றேன்.

நஸீரா என்னைத் திட்டவில்லை. நேரே வண்டியிடம் போய்த் தகரப் பெட்டியைத் தன் கையாலேயே இழுத்துக் கீழே இறக்கினாள். பெட்டி கனம். மாத்ருபூதம் பதறிப்போய்ப் பிடிக்க வந்தார்.

"தலைப்பிரசவத்தை மாமியார் வீட்டுக்குத் துரத்திட்டு, அந்தக் காசுல என் பொண்ணுக்கு நிக்காஹ் பண்ணணுமா? அல்லா என்னைக் கேக்க மாட்டானா? உள்ள போ கமலா."

"அக்கா, எங்களால உங்களுக்கு எவ்வளவு நஷ்டம்..." என்று குழலி ஆரம்பித்தாள்.

"அம்மா, அதையும் சொல்லிடும்மா" என்றாள் கமலவல்லி. "மாடி போயிட்டா அப்பளம் கிடையாது பெரியம்மா. கொல்லையில காயாது. அப்பா பதினஞ்சு நாளா வேற வீடு தேடறாரு. எங்கயும் கிடைக்கல."

நஸீரா குழலியைப் பார்த்து மெதுவாக, "கொல்லையில காயும்னு என்கிட்ட சொன்னியே" என்றாள்.

"வேற என்னத்தச் சொல்றதுக்கா. நீங்க குடுத்த உளுந்துலதானே நாங்க எழுந்திருச்சோம்."

"உளுந்து குடுத்தது நீ வாயை மூடிக்கிறதுக்கா? பதினோரு வருஷமா ஒரே கிணத்துல தண்ணி இறைக்கிறோம். உன் வீட்டுல என்ன குழம்புன்னு எனக்குத் தெரியும். இதை மட்டும் எனக்குத் தெரியாம வச்சியே." சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. குழலிக்கும்தான். வண்டிக்காரர் இன்றைக்குச் சவாரி இல்லை என்று புரிந்துகொண்டு குதிரைக்குப் புல்லை அவிழ்த்துப் போட்டார்.

அன்று மத்தியானமே பாய் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போய் உட்கார்ந்தேன். திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"சேதுராமன், ரூமைக் கட்டறது நிக்காது. நாங்க இருக்கிற இந்த வீட்டு மாடியில கட்டச் சொல்லுங்க. தெருப் பக்கமா வெளிப்படி வச்சுட்டா வர்றவங்க வீட்டுக்குள்ள நுழைய வேணாம்."

காஜா பாய் திரையைப் பார்த்தார். "நஸீரா, யோசிச்சுச் சொல்றியா?" என்றார்.

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அந்த வீட்டு மாடியில் ஆள் உயரத்துக்குக் கைப்பிடிச் சுவர். சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் நஸீரா மேலே போவாள். முக்காட்டை எடுத்துவிட்டுத் தலைமுடியை உலரவிட்டு, காவேரிப் பக்கமிருந்து வருகிற காற்றில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருப்பாள். இருபத்திரண்டு வருஷமாக அவள் வானத்தைப் பார்ப்பது அந்த இடத்தில் அந்த நேரத்தில்தான். அங்கே அயல் ஆண்கள் குடிவந்துவிட்டால் அப்புறம் அவளுக்கு நாலு சுவர்தான். கொல்லையிலும் வேப்பமரம் வானத்தை மறைத்துவிடும்.

"யோசிச்சுட்டேங்க" என்றது குரல். "நான் மாடிக்குப் போறது காத்துக்கு. அவ போறது சோத்துக்கு. சுராயாவுக்கும் ஆச்சு, அவங்களுக்கும் ஆச்சு. அழகிரி வரும்போது சொல்லிடுங்க. ஆனா இப்ப வேணாம். ரெண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒண்ணுதானே, பிள்ளை பிறக்கட்டும்."

நான் எழுந்து வெளியே வந்தேன். நான் கெடுக்க இருந்த காரியத்தை அந்த அம்மாள் நேர்செய்துவிட்டாள். இதை எழுதுகிற இன்றைக்கும் அவளுக்கு நான் நன்றிக்கடன் பட்டவன். கமலவல்லி லால்குடிக்குப் போயிருந்தால் அந்தப் பாவத்தை நான் எங்கே கழுவியிருப்பேன்?

பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் காலையில் கமலவல்லிக்குப் பெண் குழந்தை பிறந்தது. முதல் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுவைத்தது நஸீரா. முப்பது நாள் கழித்து அழகிரி வந்தார். கிழக்கு வீட்டு மாடியில் இரண்டு ரூம் எழும்பியது. வெல்டர்கள் குடிவந்தார்கள். ஆவணியில் சுராயாவின் நிக்காஹ் நடந்தது. அதற்கான அப்பளம் முழுவதையும் குழலி இட்டுக் கொடுத்தாள். பந்தியில் நானும் உட்கார்ந்து ஐந்து அப்பளம் சாப்பிட்டேன்.

ஊரில் வாடகை மேலும் ஏறியது. அந்தச் சந்தில் பதினெட்டு ரூபாய் மட்டும் ஏறவில்லை. மாத்ருபூதம் தானாகப் போய் இருபத்தைந்து கொடுக்கிறேன் என்றதற்கு, குடை வேண்டுமானால் வாங்கிக்கொண்டு போங்கள் என்று பாய் சிரித்து அனுப்பிவிட்டாராம்.

அடுத்த தை மாதம் எனக்கு ஒரு பெரிய ஆர்டர் கிடைத்தது. பாக்டரி ஆட்களுக்குச் சாப்பாடு போடுகிற கேன்டீன் மேஸ்திரி ஒருத்தர் வெள்ளிக்கிழமைக்குள் மூவாயிரம் அப்பளம் கேட்டார். செய்த தப்புக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று காத்திருந்தவன் நான். சந்தோஷத்தோடு வரகனேரிக்கு ஓடி, குரல் கொடுத்துவிட்டு மாடிக்கே ஏறினேன். மணி நாலு இருக்கும். கிழக்கு வீட்டு ரூம்கள் காலை வெயிலை மறைத்துவிட்டதால் சாயங்கால வெயில்தான் இப்போது அவளுக்கு முக்கியம் என்று எனக்குத் தெரியும். கிழக்கு ஓரமாகவும் தெருப் பக்கமாகவும் மீந்த செங்கலை வைத்து ஆள் உயரச் சுவர் எழுப்பியிருந்தது. அதை அன்றைக்குத்தான் பார்த்தேன். குழலி அவசர அவசரமாக அப்பளங்களை அள்ளிக்கொண்டிருந்தாள். பாதி அள்ளியாகிவிட்டது. அள்ளின இடத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து ஒரு பாய் விரித்திருந்தது.

"மூவாயிரமா?" என்று அவள் கண் விரிந்தது. "தெய்வம் மாதிரி வந்தீங்கண்ணே. ஆனா வெள்ளிக்கிழமைக்கு ஆகாதே. திங்கக்கிழமைன்னா தரேன்."

"ஏன் ஆகாது? இன்னும் ஒன்றரை மணி நேரம் நல்ல இளவெயில் இருக்கு. அதுக்குள்ள ஏன் அள்றீங்க? தினமும் அதையும் சேர்த்துக்கிட்டா வெள்ளிக்கிழமை முடிஞ்சுடும்."

"அந்த வெயில் எனக்கில்லீங்கண்ணே" என்றாள் குழலி. "அஸர் முடிஞ்சு அக்கா வருவாங்க. நீங்க கொஞ்சம் கீழ இறங்குங்க."

இறங்கினேன். வாசலில் மாத்ருபூதம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். மண்டியிலிருந்து சீக்கிரம் வந்தாலும் விளக்கு வைக்கும்வரை அவருக்கு வீட்டில் இடம் கிடையாதாம். இரண்டு பேரும் எதிர்க்கடையில் போய் டீ சொன்னோம். கொல்லைப் பக்கம் நடுக்கதவு திறக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்து இரண்டு பெண்கள் சிரிப்பது கேட்டது. ஒன்று குழலி. இன்னொன்றை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

மறுநாள் கேன்டீனுக்குப் போய்த் திங்கட்கிழமைதான் முடியும் என்றேன்.

"ஏனாம்?" என்றார் மேஸ்திரி.

"வெயில் போதலையாம்."

திருச்சியிலா என்று அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆமாங்க, திருச்சியில்தான் என்றேன்.